பாதிப் பேச்சு

'பகலில் பக்கம் பார்த்துப் பேசு; இரவில் அதுவும் பேசாதே' என்று நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்தார்கள். சுவருக்கும் காது உண்டு என்பது அவர்களுடைய சித்தாந்தம். அந்தப் பழமொழியை உண்டாக்கிய மகானுபாவர் இன்று உயிரோடு வந்து ஒரு பஸ்ஸில் ஏறினால் என்ன நினைப்பார்? சுவருக்குக் காது இருக்கட்டும். காதுக்கு ஒரு சுவர் கிடைக்காதா என்று ஏங்கிப் போவார். முன் ஸீட்டில் கடன் விவகாரம், பின் ஸீட்டில் கல்யாண விவகாரம், பக்கத்து ஸீட்டில் வயிற்றுக் கோளாறு. எல்லாம் கைபேசியில், எல்லாம் உச்ச ஸ்தாயியில்!

இந்தக் கருவிக்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. கைபேசி, அலைபேசி, செல்பேசி, செல்லிடப்பேசி என்று பண்டிதர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஜனங்கள் பெருந்தன்மையோடு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு 'செல்லு' என்றும் 'போனு' என்றும் அழைக்கிறார்கள். பெயர் எதுவானாலும் அதில் பேசும்போது குரலைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. ஏன் தோன்றுவதில்லை என்று நான் யோசிக்கத் தொடங்கியது அடி அண்ணாமலையில்.

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய கோயிலையும் ராஜகோபுரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மலைக்கு மறுபுறத்தில், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், வருணலிங்கத்தைத் தாண்டி வாயுலிங்கத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது அடி அண்ணாமலை கிராமம். அங்கே ஓர் அழகான பழைய கோயில். ஆதி அருணாசலேசுவரர் என்பது சுவாமியின் திருநாமம். பிரம்மாவே பிரதிஷ்டை செய்தது என்கிறது ஸ்தல வரலாறு. பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கானவர்கள் கிராமத்தைக் கடந்து போனாலும், சாதாரணமான ஒரு திங்கட்கிழமைப் பிற்பகலில் பிராகாரத்தில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். கல் தளத்தில் வெயில் சாய்ந்து கிடக்கும். தலைக்கு மேலே மலை தெரியும். எழுத்து ஓடாத நாட்களில் நான் அங்கே போய் உட்காருவது வழக்கம்.

அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது ஒரு கனவான் கைபேசியைக் காதில் வைத்தபடி பிரதட்சிணம் வந்தார். நடை பக்தி சிரத்தையோடுதான் இருந்தது. பேச்சுத்தான் வேறு மாதிரி.

"மச்சான், நான் சொல்றதைக் கேளு. அந்தப் பார்ட்டி இன்னும் ரெண்டு லட்சம் ஏறுவான்... இல்லை, இல்லை... அவன் சம்சாரத்துக்குத் தெரியாது... பத்திரம் என்கிட்டேதான் இருக்கு!"

கல் மண்டபம் அந்தக் குரலை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. அவர் மூன்று பிரதட்சிணம் முடிப்பதற்குள் எனக்கு அந்த மனையின் அளவு, விலை, வில்லங்கம், வாங்குகிறவருடைய குடும்ப நிலைமை எல்லாம் பாடமாகிவிட்டன. ஆனால் மச்சான் என்ன பதில் சொன்னார் என்பது மட்டும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், என்னை மிகவும் படுத்தியது அதுதான்.

இது வேறு ஊரில் நடந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. பேசாமல் இருப்பதற்கென்றே பேர்போன ஊர் ஒன்று தமிழ்நாட்டில் உண்டென்றால் அது திருவண்ணாமலை அல்லவா?

அருணகிரிநாதர் கதை எல்லோருக்கும் தெரிந்தது. வாழ்க்கை வெறுத்துக் கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கிப் பிடித்தான். பேச்சை விட்டுச் சும்மா இருக்கும்படி உபதேசித்தான் என்பது ஐதிகம். சும்மா இருக்கச் சொல்லப்பட்டவர் பிறகு ஆயிரக்கணக்கில் பாடினாரே என்று கேட்கலாம். திருப்புகழில் இன்று நமக்குக் கிடைத்திருப்பவையே ஆயிரத்துக்கு மேல். ஆனால் அந்தப் பாட்டு, முதலில் வாய் அடங்கியவருடைய பாட்டு. அடங்கத் தெரிந்த வாய்க்குத்தான் பாடத் தெரியும் என்று அந்தக் கதையை உண்டாக்கியவர்கள் நினைத்தார்கள் போலும்.

கதை வேண்டாம், சரித்திரம் வேண்டும் என்பவர்களுக்கு ரமணர் இருக்கிறார். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பதினாறு வயதுப் பையனாக வீட்டை விட்டு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். கோயிலில் உட்கார்ந்திருந்த அவர் மேல் தெருப்பையன்கள் கல் எறிந்தார்கள். பாதாள லிங்கத்தின் இருட்டுக்குள் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு சில வருஷங்கள் அவர் பேசியது மிக மிகக் குறைவு. 1902 வாக்கில் ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் விரூபாட்ச குகைக்குப் போய், 'நான் யார்?' என்பதில் தொடங்கிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பதில் வாயால் வரவில்லை, எழுத்தாக வந்தது. அந்தக் கேள்வி பதில்கள்தாம் பிற்காலத்தில் ஒரு சிறு புத்தகமாகி, உலகத்தின் பல பாஷைகளிலும் மொழிபெயர்க்கப்பட்டன. உரக்கச் சொல்லாத வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. பிறகு அவர் சகஜமாகப் பேசினார், சிரித்தார், கதை சொன்னார். ஆனாலும் 1950இல் மறையும் வரையில் அவரைப் பார்க்கச் சீமையிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போய் எழுதியது அவருடைய மௌனத்தைப் பற்றித்தான்.

நிற்க. திருவண்ணாமலையில் எல்லோரும் எப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இந்த ஸ்தலத்தில் என்பது மரபு; அவருக்கு அடி அண்ணாமலையிலேயே ஒரு கோயிலும் இருக்கிறது. திருவெம்பாவை என்பது என்ன? விடியற்காலையில் தெருவில் நின்றுகொண்டு பெண்கள் போடும் கூச்சல்! உள்ளே தூங்குகிறவளை வெளியே நிற்பவர்கள் கூப்பிடுகிறார்கள், கேலி செய்கிறார்கள். அவளும் உள்ளிருந்து பதில் சொல்கிறாள். இந்த இடத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்கிறாள் என்பதுதான் இதில் முக்கியம். பின்னால் அதற்கு வருகிறேன்.

இப்போது டெலிபோனின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். செல்லில் கத்துகிறவர்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்று திட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் ஒரு பழைய சம்பிரதாயத்தைத்தான் காப்பாற்றி வருகிறார்கள். 1876 மார்ச் 10ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல், அடுத்த அறையில் இருந்த தம் உதவியாளர் வாட்ஸனைக் கருவியின் மூலம் கூப்பிட்டார். உலகத்தின் முதல் டெலிபோன் பேச்சு அதுதான். அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதும்போது, 'கத்தினேன்' என்றுதான் பெல் எழுதி வைத்திருக்கிறார். ஆக, டெலிபோன் பிறக்கும்போதே கூச்சலோடுதான் பிறந்தது.

அடுத்த வருஷம் நடந்தது இன்னும் ரசமானது. பெல் நியூயார்க்கில் ஒரு செய்முறைக் காட்சி நடத்த வேண்டியிருந்தது. பாஸ்டனில் வாட்ஸன் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அங்கிருந்தபடி நியூயார்க்குக்குக் கேட்கும்படி அவர் கத்த வேண்டும். முன்பே அவருடைய கூச்சலால் வீட்டுக்காரியம்மாளுக்கு அதிருப்தி. வாட்ஸன் யோசித்தார். கட்டிலிலிருந்த கம்பளிகளை உருவிக் குகைபோல் அமைத்து, ஒரு முனையில் டெலிபோனைக் கட்டி வைத்து, உள்ளே தவழ்ந்து புகுந்துகொண்டு, வியர்க்க விறுவிறுக்கக் கத்தித் தீர்த்தார். பிற்காலத்தில் அவரே இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். உலகத்தின் முதல் டெலிபோன் கூண்டு அந்தக் கம்பளிக் கூண்டுதான்!

அதாவது, டெலிபோன் பிறந்த அடுத்த வருஷமே, 'இதில் பேசுகிறவன் மற்றவர்களுக்கு உபத்திரவம் இல்லாமல் எங்கே போய்ப் பேசுவது?' என்ற கேள்வியும் பிறந்துவிட்டது. பிற்பாடு நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது. அந்த விடை, கதவு.

நம் நாட்டுக்கு டெலிபோன் சீக்கிரமே வந்தது. 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களிலும் டெலிபோன் நிலையங்கள் முறையாகத் திறக்கப்பட்டன. ஆனால் வெகுகாலம் அது பெரிய வர்த்தகர்களுக்கும் சர்க்கார் அதிகாரிகளுக்கும் உரிய பண்டமாகவே இருந்தது. சாதாரண ஜனங்களுக்கு டெலிபோன் என்றால் தபாலாபீஸ். தபாலாபீஸ் என்றால் டிரங்க் கால். எண்ணைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரண கால், அர்ஜெண்ட் கால், லைட்னிங் கால் என்று கட்டணத்தில் பல தரம். கடைசியில் இணைப்புக் கிடைத்ததும் அடித்தொண்டையிலிருந்து கத்தினால்தான் மறுமுனைக்குக் கேட்கும். தூரம் அதிகமானால் குரலும் அதிகமாக வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறியது அந்த நாட்களில்தான். பம்பாய்க்குப் பேசும் தாத்தாவின் குரலைத் தெருக்கோடியில் இருந்தவர்கள் கேட்டார்கள். கம்பி இல்லாமலே அது பம்பாய்க்கு எட்டியிருக்கும் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, ஆபரேட்டர் இல்லாமல் நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி தொடங்கியது. அதன் முழுப் பயன் சிற்றூர்களுக்கு வந்து சேர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1984இல் சர்க்கார் ஏற்படுத்திய ஸி-டாட் என்ற ஆராய்ச்சி நிலையம், நம் ஊர் வெயிலையும் தூசியையும் தாங்கி, குளிர்சாதன வசதி இல்லாமலே வேலை செய்யும் சிறிய கிராம எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்கியது. பிறகு பாருங்கள்: ஒவ்வொரு கடைத்தெருவிலும் மஞ்சள் பலகை! எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.ஸி.ஓ.!

அந்தக் கண்ணாடிக் கூண்டுகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என் வாலிபத்தின் முக்கியமான செய்திகளில் பாதியை அப்படிப்பட்ட ஒரு கூண்டில் நின்றுதான் கேட்டேன். முதல் கதை பிரசுரமாகிறது என்ற செய்தி உள்பட. உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஒரு சின்ன மின்விசிறி சுற்றும். பல சமயம் சுற்றாது. தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். ஒவ்வொரு எண்ணும் காசு. வெளியே நாலு பேர் காத்திருப்பார்கள். கண்ணாடி வழியாக அவர்களுக்கு நம் முகம் தெரியும், பேச்சுத் தெரியாது. உள்ளே அழுகிறவனைப் பார்த்தால் வெளியே நிற்பவர்கள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்த மரியாதை அது.

1995 ஜூலை 31ஆம் தேதி மேற்கு வங்காள முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய மந்திரி சுக் ராமுடன் கைபேசியில் பேசினார். இந்தியாவின் முதல் கைபேசிப் பேச்சு அது. அந்த நாட்களில் நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரையில் கட்டணம். வருகிற அழைப்புக்கும் காசு. அத்தகைய காலத்தில் யார் ஊர்க்கதை பேசுவார்கள்? 2003இல் வருகிற அழைப்பு இலவசமாயிற்று. 2016இல் ஜியோ வந்து, பேச்சுக்கே தனிக் கட்டணம் இல்லையென்று ஆக்கியது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. காசு போயிற்று, கடிகாரம் போயிற்று, வெளியே காத்திருக்கும் நாலு பேர் போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கதவு போயிற்று. ஆனால் தொண்டை மட்டும் இன்னும் டிரங்க் கால் காலத்திலேயே இருக்கிறது!

தொண்டையை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. 1911இல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் ஓர் உண்மையை எழுதினார். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னையறியாமலே குரலை உயர்த்துகிறான். உயர்த்துகிறோம் என்பதே அவனுக்குத் தெரிவதில்லை. பழைய டெலிபோன்களில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. பேசுகிறவருடைய குரலில் ஒரு சிறு பங்கு அவர் காதுக்கே திரும்ப வரும். தன் குரல் தனக்குக் கேட்டால் மனிதன் தானாகவே அடங்கிப் பேசுகிறான், கேட்காவிட்டால் கத்துகிறான். சந்தை நடுவில், பஸ்ஸின் இரைச்சலில், அந்தச் சிறு பங்கு எங்கே கேட்கப் போகிறது? பிறர் குரல் கேட்காததல்ல, தன் குரல் தனக்குக் கேட்காததே கூச்சலுக்குக் காரணம். இது மேடைப் பிரசங்கிகளுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்த விஷயம் இங்கே வேண்டாம்.

சரி, கேட்கிறவர்களுக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் வருகிறது? பக்கத்து ஸீட்டில் இரண்டு பேர் நேருக்கு நேர் இதே அளவு உரக்கப் பேசினால் நாம் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறோமே! 2010இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சன் என்ற பெண்மணியும் அவருடைய கூட்டாளிகளும் இதைப் பரீட்சை செய்து பார்த்தார்கள். கவனமாகச் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் சிலரிடம் கொடுத்து, பக்கத்தில் பேச்சை ஒலிக்க விட்டார்கள். இருவர் பேசும் முழுச் சம்பாஷணை வேலையைக் கெடுக்கவில்லை. ஒருவரே தொடர்ந்து பேசிக்கொண்டு போனதும் கெடுக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் கேட்கிற பாதிப் பேச்சுத்தான் கெடுத்தது. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாததால் மனம் அதிலேயே போய் மாட்டிக்கொள்கிறது. விடுபட்ட பாதியை நிரப்பப் படாதபாடு படுகிறது.

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. கதை எழுதுகிறவனுடைய பிழைப்பே அதுதானே? பாதியைக் கொடுத்து மறு பாதியை வாசகரைக் கொண்டு நிரப்பச் செய்கிறோம். ஆனால் எங்கள் புஸ்தகத்தை மூடி வைக்கலாம். மண்டபத்தில் கேட்கும் குரலை எப்படி மூடுவது? திருவெம்பாவைப் பெண்கள் தெருவையே எழுப்பினாலும் நமக்கு இனிக்கிறதே, ஏன்? கேள்வியும் கேட்கிறது, பதிலும் கேட்கிறது. அந்தக் கூச்சலில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது. மச்சானோடு பேசிய கனவானுடைய பேச்சிலோ நமக்கு இடமே இல்லை. அவரைப் பொறுத்த வரையில் நானும் அந்தத் தூணும் ஒன்றுதான்.

இரைச்சலைக் கண்டு அலறுவதும் புதிய சங்கதியல்ல. கார்லைல் என்ற ஆங்கில ஆசிரியர் பக்கத்து வீட்டுச் சேவல்களையும் பியானோக்களையும் தாங்க முடியாமல், 1853இல் லண்டனில் தம் வீட்டு உச்சியில் சத்தம் புகாத அறை ஒன்று கட்டிக்கொண்டார். கட்டிய பிறகும் சத்தம் புகுந்தது என்பது தனிக்கதை. நம் ஊரில் 1930இல் வானொலியைச் சென்னை நகரசபை ஏற்று நடத்தியபோது, கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து மாலையில் சங்கீதம் வழங்கியது. ஜனங்கள் தேடிப் போய்க் கேட்டார்கள். பிறகு அந்தக் குழாய் கல்யாண வீட்டுக்கு வந்தது, காது குத்துக்கு வந்தது, அரசியல் மேடைக்கு வந்தது, கோயிலுக்கும் வந்தது. தேடிப் போய்க் கேட்ட காலம் மாறி, ஓடினாலும் துரத்திக் கேட்கச் செய்யும் காலம் வந்தது.

கடைசியில் சட்டம் வந்தது. 2000ஆம் ஆண்டு இரைச்சல் விதிகளின்படி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் போன்ற இடங்களைச் சுற்றி அமைதி மண்டலம் அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெஸிபலுக்கு மேல் சத்தம் கூடாது. இருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாலே ஏறத்தாழ 60 டெஸிபல் ஆகிவிடும்! 2022 ஜனவரியில் ரயில்வே போர்டு, இரவு பத்து மணிக்கு மேல் வண்டியில் கைபேசியில் உரக்கப் பேசுவதையும் பாட்டு வைப்பதையும் தடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதே ஆண்டு டிசம்பரில், திருச்செந்தூர்க் கோயில் சம்பந்தமான ஒரு வழக்கில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றிலும் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018இலேயே தடை வந்துவிட்டது. செருப்பை விடும் இடத்துக்குப் பக்கத்தில் செல்லை விடும் இடமும் வந்தது.

இந்த உத்தரவைப் படித்தபோது எனக்குச் சந்தோஷந்தான். அந்தச் சந்தோஷத்தை யோசிக்க வைத்தவள் ஒரு பூக்காரி.

அடி அண்ணாமலைக் கோயில் வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கைபேசியை வாய்க்கு நேரே வெற்றிலைத் தட்டுப்போல் பிடித்துக்கொண்டு திருப்பூரில் இருக்கும் மருமகனோடு பேசினாள். ஒலிபெருக்கியைத் திறந்து வைத்திருந்ததால் அவன் குரலும் எங்களுக்குக் கேட்டது. மகளுக்கு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகியிருந்தது. "அழுதுச்சா? புள்ள அழுதுச்சா?" என்று அவள் கேட்ட கேள்வி மலையின் மேலே போய்த் திரும்பியிருக்கும். தேங்காய்க்கடைக்காரர் கடையிலிருந்தே, "பேரனா பேத்தியாம்மா?" என்றார். "பேத்தி!" என்று சொல்லிவிட்டு எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு, "கொஞ்சம் மெதுவாகப் பேசினால் அவருக்குக் கேட்காதாம்மா?" என்று கேட்டேன்.

"மெதுவா பேசிப் பேசித்தான் சாமி எங்க ஆத்தா காலமெல்லாம் போச்சு" என்றாள், மாலை கட்டுவதை நிறுத்தாமல்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அதில் இந்த நாட்டின் சரித்திரம் கொஞ்சம் இருந்தது. நம் மூதாதையர்கள் மெல்லப் பேசினார்கள் என்று பெருமைப்படுகிறோம். எல்லோரும் விரும்பியா மெல்லப் பேசினார்கள்? பண்ணையார் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்று பேசியவர்கள் எத்தனை பேர்! மாமனார் திண்ணையில் இருக்கும் வரையில் கூடத்தில் குரல் எழும்பாத மருமகள்கள் எத்தனை பேர்! சில தெருக்களில் நடக்கவே கூடாதென்று தடுக்கப்பட்டவர்கள் அந்தத் தெருவில் நின்று பேசுவது எங்கே? 1939 ஜூலையில் மதுரைக் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நுழைந்தார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்து, எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவைத் திறந்தது. அதுவரையில் கோயிலுக்குள் நிலவிய அமைதியில் ஒரு பகுதி, வெளியே நிறுத்தப்பட்டவர்களுடைய அமைதி.

ஆகவே மௌனத்தில் இரண்டு ஜாதி உண்டு. குகையில் உட்கார்ந்தவர் தாமே ஏற்றுக்கொண்ட மௌனம் ஒன்று. வாயைப் பொத்தச் சொல்லித் திணித்த மௌனம் மற்றொன்று. முதலாவதை வளர்க்க வேண்டும் என்று பேசுகிறவர்கள், தங்களையறியாமல் இரண்டாவதைக் கேட்டுவிடக் கூடாது. தெருவில் உரக்கப் பேசும் கூலிக்காரரைக் கண்டு முகம் சுளிக்கும் நாம், விமான நிலையத்தில் இங்கிலீஷில் உரக்கப் பேசும் கம்பெனி அதிகாரியைக் கண்டு அதே அளவு சுளிக்கிறோமா? சுளித்தால் நம் எரிச்சல் யோக்கியமானது. இல்லாவிட்டால் அது வேறு வகை எரிச்சல்.

அப்படியானால் கத்துகிறவர்கள் கத்திக்கொண்டே இருக்கட்டும் என்பதா? இல்லை. பூக்காரி கோயிலுக்கு வெளியே, திறந்த வீதியில் பேசினாள். அங்கே இருந்தவர்களைத் தன் சந்தோஷத்தில் சேர்த்துக்கொண்டாள். மனை விற்றவர் கோயிலுக்குள்ளே பேசினார். இருந்தவர்களை இல்லாதவர்களாக்கிவிட்டுப் பேசினார். சத்தத்தின் அளவில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம். டெஸிபல் மானிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். கதவைத் திறந்த அந்த 1947ஆம் வருஷத்துச் சட்டமேகூட, உள்ளே ஒழுங்கும் கண்ணியமும் காக்க விதி செய்யும் அதிகாரத்தைக் கோயில் நிர்வாகிகளுக்குக் கொடுத்தது. எல்லோரும் வரலாம் என்பதற்கும், வந்தவர்கள் ஒருவரை ஒருவர் கவனிக்க வேண்டும் என்பதற்கும் விரோதமில்லை. சொல்லப்போனால், எல்லோரும் வருகிற இடத்தில்தான் அந்தக் கவனிப்பு அதிகம் தேவைப்படுகிறது.

சட்டத்தால் செல்லை வாசலில் வாங்கி வைக்க முடியும். பஸ்ஸிலும் ரயிலிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் யார் வாங்கி வைப்பது? பழைய கண்ணாடிக் கூண்டுகளை யாரும் திரும்பக் கட்டப் போவதில்லை. இனிமேல் கதவை ஒவ்வொருவரும் தம்மோடு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அது பெரிய பாரமல்ல. நாலு அடி தள்ளிப் போவது ஒரு கதவு. 'அப்புறம் கூப்பிடுகிறேன்' என்று சொல்வது ஒரு கதவு. பக்கத்தில் இருப்பவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பது இன்னொரு கதவு. பக்கம் பார்த்துப் பேசச் சொன்ன பழமொழிக்கு இப்படியும் ஓர் அர்த்தம் சொல்லலாம்.

1877இல் பாஸ்டனில் வாட்ஸனுக்கு எந்தச் சட்டமும் இல்லை. எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை. அவர் பேசியது உலகம் அதுவரை கேட்டிராத அதிசயம். அந்த அதிசயத்தை ஊருக்கெல்லாம் கேட்கும்படி கத்தியிருந்தாலும் யாரும் தப்பென்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அடுத்த அறையில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். உள்ளே புழுக்கமாகத்தான் இருந்திருக்கும்.